யார் பெயரைப் போடுவது, யார் படத்தைப் போடுவது?

போன மாதம் மதுரையில் நம் வாசகர் வட்டக் கூட்டம் நடந்தது. பதினைந்து பேர் இருப்போம். அடுத்த இதழில் வரவேண்டிய உண்மை அறியும் குழு அறிக்கை பற்றிப் பேச்சு. காதலித்ததற்காக வெட்டப்பட்ட பையன் ஒருவனைப் பற்றிய அறிக்கை. அதோடு என்ன படம் போடுவது என்று ஆரம்பித்ததுதான் வினை. இதழியல் படிக்கிற தம்பி ஒருவர் எழுந்தார். "கொலைகாரன் பேரே நம்ம பத்திரிகையில வரக்கூடாது தோழர். படமும் வரக்கூடாது. வெளிநாட்டுல எல்லாம் இப்ப அப்படித்தான் பண்றாங்க" என்றார். மூலையில் உட்கார்ந்திருந்த வயசான தோழர் விடவில்லை. "அவன் படம் வேணாம், சரி. பொணத்தோட படத்தப் போடு. அட்டையிலயே போடு. அப்பத்தான் உறைக்கும்." இரண்டு மணி நேரம் ஓடியது. டீ இரண்டு தடவை வந்தது. முடிவு வரவில்லை. எனக்கு இருவரோடும் உடன்பாடில்லை. ஏன் என்று அங்கே சரியாகச் சொல்ல வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

தம்பி ஒன்றும் அறியாமல் பேசவில்லை. 2019 மார்ச் 15 அன்று நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் வெள்ளை இனவெறியன் ஒருவன் இரண்டு மசூதிகளில் புகுந்து சுட்டதில் 51 பேர் மாண்டார்கள். தலையில் கேமராவை மாட்டிக்கொண்டு, அதை ஃபேஸ்புக்கில் நேரடியாக ஒளிபரப்பிக்கொண்டே சுட்டான். கொல்வது பாதி, காட்டுவது பாதி. அவன் பெயரைத் தான் உச்சரிக்கவே போவதில்லை என்று பிரதமர் ஜெசிந்தா ஆர்டெர்ன் நாடாளுமன்றத்தில் அறிவித்தார். அமெரிக்காவில் 2012இல் அரோரா நகரத் திரையரங்கில் 12 பேர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, மகனைப் பறிகொடுத்த பெற்றோரே முன்வந்து, கொலைகாரனைப் பிரபலமாக்காதீர்கள் என்று ஊடகங்களிடம் இயக்கம் நடத்தினார்கள். பேருக்காகக் கொல்கிறவனுக்குப் பேரைக் கொடுக்காதே என்பது நியாயம்தான். மறுக்கவில்லை.

ஆனால் தோழர்களே, நம்மைக் கொல்கிறவன் பேருக்காகவா கொல்கிறான்? சாதிக்காகக் கொல்கிறான். தனியாளாக வருவதில்லை, ஊராக வருகிறான். கொன்ற மறுநாள் அந்த ஊர் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: எங்க ஆளுங்க பேரும் எங்க சாதிப் பேரும் வெளியே வரக்கூடாது. அதை நம் வெகுசனப் பத்திரிகைகள் எவ்வளவு பத்திரமாகக் காப்பாற்றிக் கொடுக்கின்றன!

காலைப் பேப்பரை எடுத்துப் பாருங்கள். 'இரு தரப்பினர் மோதல், ஒருவர் பலி, போலீஸ் குவிப்பு.' மோதலாம்! அரிவாள் வைத்திருந்தவனும் வெட்டு வாங்கினவனும் சரிக்குச் சரி மோதிக்கொண்டார்களாம். 'முன்விரோதம் காரணமாக' என்று ஒரு வரி இருக்கும். அந்த முன்விரோதத்தைத் தோண்டிப் பாருங்கள். நம்ம பையன் ஊர்த்தெருவில் வண்டியை விட்டு இறங்காமல் போயிருப்பான். தேர் பார்க்கப் போன இடத்தில் வேட்டியை மடித்துக் கட்டியிருப்பான். 'ஒரு சமூகத்தைச் சேர்ந்தவர்கள்', 'மற்றொரு சமூகத்தைச் சேர்ந்தவர்கள்', 'மர்ம நபர்கள்'. வெட்டப்பட்டார், எரிக்கப்பட்டன, சூறையாடப்பட்டன. இந்த இலக்கணத்தில் எழுவாயே கிடையாது. கேட்டால் பத்திரிகை நெறிமுறை என்பார்கள். சமூகத்தின் பெயரைப் போட்டால் கலவரம் பரவுமாம். மதக் கலவரத்தில் அதற்கு ஒரு நியாயம் இருக்கலாம். சேரி எரியும்போது எரித்தவன் பேரை மறைத்தால் யாருக்குப் பாதுகாப்பு? எரிந்தது யார் வீடு என்பது 'குடிசைகள்' என்ற சொல்லிலேயே எல்லாருக்கும் விளங்கிவிடுகிறதே.

மேலவளவை எடுத்துக்கொள்ளுங்கள். 1996இல் அந்த ஊராட்சித் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. தேர்தலையே நடத்தவிடாமல் அடித்தார்கள். அதையும் மீறி முருகேசன் தலைவரானார். 1997 ஜூன் 30 அன்று மதுரை ஆட்சியர் அலுவலகம் போய்விட்டுத் திரும்பிய பேருந்தைப் பட்டப்பகலில் மறித்து அவரையும் சேர்த்து ஆறு பேரை வெட்டிக் கொன்றார்கள். முருகேசனின் தலையை அறுத்துக் கிணற்றில் வீசினார்கள். 2001இல் 17 பேருக்கு ஆயுள் தண்டனை வந்தது. 2019 நவம்பரில், எம்.ஜி.ஆர். நூற்றாண்டுச் சலுகை என்று சொல்லி, அவர்களில் 13 பேரை அரசு வெளியே விட்டது. இந்தப் பதினேழு பேரில் ஒருவன் பெயரைச் சொல்லுங்கள் பார்ப்போம். அந்தக் கூட்டத்தில் கேட்டேன். மேலூர்க்காரத் தோழர் ஒருவரைத் தவிர யாருக்கும் தெரியவில்லை. எனக்கே ஒரு பெயர்தான் ஞாபகம் வந்தது, அதுவும் பாதி. நாம் அல்லவா மனப்பாடமாகச் சொல்ல வேண்டும்! கொலைகாரனின் பெயரை மறக்கடிப்பது கிறைஸ்ட்சர்ச்சில் தண்டனை. மேலூரில் அது சலுகை. 13 பேர் வெளியே வந்தபோது மாநிலமே கொந்தளிக்காததற்குக் காரணம், அவர்களுக்கு எப்போதுமே முகம் இல்லாமல் பார்த்துக்கொண்டதுதான்.

சரி, இந்தப் பத்திரிகைகளுக்குக் கொலைகாரன் முகமே பிடிக்காதா என்றால், ஐயையோ, அதை விட்டால் அவர்களுக்குப் பிழைப்பேது? தொண்ணூறுகளில் டீக்கடையில் வாரப் பத்திரிகை படித்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆட்டோ சங்கர்! திருவான்மியூரில் 1988–89இல் ஆறு பேரைக் கொன்ற வழக்கு. 1995 ஏப்ரலில் சேலம் சிறையில் தூக்கிலிட்டார்கள். தூக்குக்கு முன்னால் அவர் சிறையில் எழுதிய தன்வரலாற்றை நக்கீரன் வெளியிட முனைந்தபோது சிறைத்துறை மிரட்டியது. வழக்கு உச்சநீதிமன்றம் போனது. வெளியிடும் முன்பே தடுக்க அரசுக்கு அதிகாரம் இல்லை என்று 1994 அக்டோபரில் தீர்ப்பு வந்தது. தனி மனிதரின் அந்தரங்க உரிமையைப் பற்றியும் முக்கியமாகப் பேசிய தீர்ப்பு அது. அந்தத் தீர்ப்பை நான் ஆதரிக்கிறேன். அந்த எழுத்தில் அதிகாரிகளின் கூட்டு வெளிவரும் என்ற பயம்தானே தடுக்கச் சொன்னது? ஆனால் கடைசியில் மக்கள் மனசில் நின்றது அதிகாரிகளின் கூட்டா? சங்கரும், அவர் நடத்திய விபசாரத் தொழிலும்தான். செத்த ஆறு பேர் யார், என்ன வேலை செய்தார்கள், அவர்கள் வீட்டில் யார் அழுதார்கள் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? 2019இல் ஆட்டோ சங்கர் இணையத் தொடராகவும் வந்துவிட்டார்.

வீரப்பன் கதை இதைவிடப் பெரிசு. அந்த மீசை அச்சாகாத பத்திரிகை உண்டா? காட்டுக்குள் போய்ப் பேட்டி, பேட்டிக்குள் பாட்டு, சமையல், துப்பாக்கி. 2004 அக்டோபரில் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகும் ஓயவில்லை. 2023ஆம் ஆண்டில் மட்டும் இரண்டு ஆவணத் தொடர்கள். அந்தப் பேட்டிகளால் பயனே இல்லை என்று சொல்ல மாட்டேன். அதிரடிப்படை மலைக்கிராமங்களில் செய்த சித்திரவதைகளைப் பற்றி வெளியே பேச்சு வர அவையும் ஒரு காரணம். ஆனால் அதே காலத்தில் வாச்சாத்தி என்று ஓர் ஊர் இருந்தது.

1992 ஜூன் 20. தருமபுரி மாவட்டம், அரூர் வட்டம், சித்தேரி மலையடிவாரம். சந்தனக்கட்டை பதுக்கி வைத்திருக்கிறார்கள் என்று சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை மூன்றும் சேர்ந்து அந்தப் பழங்குடிக் கிராமத்துக்குள் புகுந்தன. வீடுகளை இடித்தார்கள். ஆடுமாடுகளை அடித்துத் தின்றார்கள். தானியத்தைக் கொட்டிப் பாழாக்கினார்கள். 18 பெண்களை வன்புணர்வு செய்தார்கள். பெண்களையும் குழந்தைகளையும் கொண்டுபோய்ச் சிறையில் அடைத்தார்கள். மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் அந்த வழக்கைப் பத்தொன்பது வருசம் சுமந்தன. 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகளே என்றது. அதற்குள் 54 பேர் செத்துப் போயிருந்தார்கள். மிச்சம் 215. 2023 செப்டம்பரில் உயர்நீதிமன்றமும் உறுதி செய்தது.

இருநூற்று அறுபத்தொன்பது குற்றவாளிகள்! இந்த நாட்டில் ஒரே வழக்கில் இத்தனை அரசு ஊழியர்கள் தண்டிக்கப்படுவது லேசில் நடக்கிற காரியமா? இதில் ஒருத்தன் மீசை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது. ஒருவனுடைய பிள்ளைப்பருவம், காதல், அவன் பாடின பாட்டு எதுவும் எந்தத் தொடரிலும் வரவில்லை. வர வேண்டும் என்று நான் கேட்கவும் இல்லை. கேட்பதெல்லாம் இதுதான்: குற்றவாளி என்ற பிம்பத்துக்கு ஏற்ற உடம்பு எது என்று யார் முடிவு செய்கிறார்கள்? காட்டில் இருப்பவன், குப்பத்தில் இருப்பவன், ஹவுசிங் போர்டில் இருப்பவன். அவனுக்குத்தான் 'பிரபல ரவுடி' பட்டம். அவனுக்குத்தான் பெயருக்கு முன்னால் ஒரு பட்டப்பெயர். அவனை என்கவுன்ட்டரில் போட்டால், போலீஸ் கொடுத்த குறிப்பு அப்படியே செய்தியாக வரும். சீருடை போட்டவன், நிலம் வைத்திருப்பவன், கார் வைத்திருப்பவன் முகம் அந்தச் சட்டகத்தில் பொருந்தவே பொருந்தாது. கீழ்வெண்மணியில் 44 பேரை எரித்த வழக்கில் உயர்நீதிமன்றம் மிராசுதார்களை விடுவித்தபோது சொன்ன காரணம் நினைவிருக்கும். இவ்வளவு நிலபுலன் உள்ள, கார் வைத்திருக்கிற பெரிய மனிதர்கள் தாங்களே நேரில் போய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நீதிபதிகளால் நம்ப முடியவில்லை. அந்த நம்ப முடியாமைதான் செய்தி ஆசிரியரின் மேசையிலும் உட்கார்ந்திருக்கிறது.

இதற்குப் பிறகு புதுசாக ஒன்று வந்தது. சாதிக்காரனே முகத்தைக் காட்டத் தொடங்கினான். 2015 ஜூன் 23 அன்று திருச்செங்கோடு மலைக்கோயிலில் தோழியோடு பேசிக்கொண்டிருந்த கோகுல்ராஜைக் கடத்திக்கொண்டு போனார்கள். மறுநாள் தண்டவாளத்தில் தலை வேறு உடல் வேறாகக் கிடந்தார். பொறியியல் முடித்த பிள்ளை. தேடப்பட்ட யுவராஜ் மூன்று மாதத்துக்கு மேல் தலைமறைவு. தலைமறைவு என்றால் என்ன? போலீசுக்கு மட்டும்தான் மறைவு! வாட்ஸ்அப்பில் குரல் பதிவு மேல் குரல் பதிவாக வந்தது. எல்லாத் தொலைக்காட்சியும் அதைப் போட்டது. ஒரு தொலைக்காட்சி அவரிடம் பேட்டியே எடுத்து ஒளிபரப்பியது. அக்டோபரில் சரணடைந்ததும் ஆதரவாளர் கூட்டத்தோடு ஒரு நிகழ்ச்சியாக நடந்தது. ஒவ்வொரு நாளும் அந்த ஆளுக்குக் கிடைத்த நேரத்தில் பத்தில் ஒரு பங்கு கோகுல்ராஜின் அம்மாவுக்குக் கிடைத்ததா?

அந்தப் பேட்டி பிற்பாடு வழக்கில் அவருக்கே எதிரான சாட்சியமாக வந்தது, ஆகவே பேட்டி எடுத்தது நல்லதுதானே என்று ஒரு நண்பர் வாதாடினார். வந்தது உண்மை. 2022 மார்ச்சில் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் யுவராஜ் உட்பட 10 பேரைத் தண்டித்தது. 2023 ஜூனில் உயர்நீதிமன்றமும் யுவராஜின் தண்டனையை உறுதி செய்தது. ஆனால் பேட்டி எடுத்தவர்கள் சாட்சியம் சேர்க்கவா எடுத்தார்கள்? நிருபர் கண்டுபிடிக்கிற ஆளைப் போலீஸ் கண்டுபிடிக்காதது ஏன் என்பதுதான் அன்றைக்குச் செய்தி. அதை விட்டுவிட்டு மைக்கை நீட்டினார்கள். ஏழு வருசம் கழித்துத்தான் அந்தக் குரல் குற்றவாளியின் குரலானது. அந்த ஏழு வருசமும் அவர்கள் சாதியில் பிறந்த பதினாறு வயதுப் பையன்களின் செல்போனில் அது தலைவனின் குரல். கேட்டுப் பாருங்கள், தெரியும்.

இங்கேதான் தம்பியோடு நான் ஒத்துப்போகிறேன். பெயரைப் போடு, ஆனால் மைக்கைக் கொடுக்காதே. பெயர் வேறு, பேச்சு வேறு.

இனி வயசான தோழரிடம் வருகிறேன். அவர் கேட்டது பிணத்தின் படம். அவருக்குத் துணையாக ஒரு பெரிய சாட்சி இருக்கிறது. 1955 ஆகஸ்டில் அமெரிக்காவின் மிசிசிப்பியில் எம்மெட் டில் என்ற பதினான்கு வயதுக் கறுப்பினச் சிறுவனை வெள்ளையர்கள் அடித்து, சுட்டு, ஆற்றில் வீசினார்கள். அடையாளமே தெரியாமல் சிதைந்த முகம். தாய் மேமி டில் சவப்பெட்டியை மூடக்கூடாது என்றார். என் பிள்ளைக்கு என்ன செய்தார்கள் என்று உலகம் பார்க்கட்டும் என்றார். 'ஜெட்' என்ற கறுப்பினப் பத்திரிகை அந்தப் படத்தை வெளியிட்டது. கறுப்பின மக்களின் ஒரு தலைமுறையே அந்தப் படத்தால் போராட்டத்துக்கு வந்தது. கொன்ற இருவரையும் வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி விடுதலை செய்தது. ஒரே குற்றத்துக்கு மறுபடி வழக்குப் போட முடியாது என்ற தைரியத்தில், 1956 ஜனவரியில் 'லுக்' என்ற பெரிய பத்திரிகைக்கு அந்த இருவரும் எப்படிக் கொன்றோம் என்று விலாவாரியாகச் சொன்னார்கள். சும்மா இல்லை, காசு வாங்கிக்கொண்டு. ஒரே பிள்ளையின் சாவு. ஒரு பத்திரிகை தாயைக் கேட்டு அச்சடித்தது. இன்னொரு பத்திரிகை கொலைகாரனுக்குக் கூலி கொடுத்து அச்சடித்தது.

படம் இல்லாவிட்டால் நம்மை யாரும் நம்புவதில்லை என்பதும் நிசம்தான். 2006 செப்டம்பர் 29 அன்று மகாராஷ்டிரத்தின் கயர்லாஞ்சியில் பையாலால் போட்மாங்கேயின் மனைவி, மகள், இரண்டு மகன்கள் நான்கு பேரையும் ஊரே திரண்டு கொன்றது. முதலில் வந்த சேதியில் அது ஏதோ கள்ள உறவால் ஊருக்கு வந்த கோபம் என்று எழுதினார்கள். செத்த பெண்ணின் ஒழுக்கத்தைத்தான் முதலில் வெட்டினார்கள். ஒரு மாதம் கழித்து நம் தோழர்களே அந்த உடல்களின் படங்களைக் கைக்குக் கை கொண்டுபோன பிறகுதான் நாக்பூரும் மற்ற ஊர்களும் தெருவுக்கு வந்தன. ஆனாலும் அந்தப் படங்களைப் பார்த்தவர்களில் நானும் ஒருவன். இரண்டு பெண்களின் உடல்களை அந்தக் கோலத்தில் எத்தனை ஆயிரம் ஆண்கள் பார்த்திருப்போம்?

எனக்கு இதில் பேச யோக்கியதை குறைவு. 1998இல் வடமாவட்டத்து ஊர் ஒன்றுக்கு உண்மை அறியும் குழுவோடு போனேன். பிணவறையில் படம் எடுத்தவன் நான்தான். அப்போது நாங்கள் நடத்திக்கொண்டிருந்த சின்னப் பத்திரிகையின் அட்டையில் அதைப் போட்டோம். ஆயிரம் பிரதி. கூட்டத்தில் கூவி விற்றோம், எல்லாம் தீர்ந்தது. ஆறு மாசம் கழித்து வேறு வேலையாக அந்த ஊருக்குப் போனபோது அந்தம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டார். திட்டவில்லை. சொம்பில் தண்ணி கொடுத்துவிட்டுச் சொன்னார்: "நான் குளிப்பாட்டி வளத்த ஒடம்புப்பா அது. ஊரு பூரா பாக்கறாப்பல போட்டியே, என்னாண்ட ஒரு வார்த்த கேட்டியா? அவன வெட்டுனவன் ஊட்லயும் அந்தப் பொஸ்தவம் இருக்குதாம். எடுத்து எடுத்துப் பாக்குறானாம்." நான் என்ன பதில் சொல்ல? அந்தப் படத்தை எதிரியும் ரசிக்க முடியும் என்பது அதுவரை என் மண்டையில் ஏறவே இல்லை.

2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டையில் சங்கரை வெட்டிய சிசிடிவி காட்சியைத் தொலைக்காட்சிகள் திரும்பத் திரும்பப் போட்டபோது அந்தம்மா சொன்னதுதான் நினைவுக்கு வந்தது. அந்தக் காட்சி போலீசுக்கு வேண்டும், நீதிமன்றத்துக்கு வேண்டும். நமக்கு ஒரு தடவைக்கு மேல் எதற்கு? பார்க்கிற ஒவ்வொருத்தனும் அதிர்ச்சி அடைகிறான் என்று யார் சொன்னது? ஒரு பகுதி ஆட்கள் அதில் பாடம் படிக்கிறார்கள்.

ஆகவே வட்டத் தோழர்களுக்கு நான் சொல்வது இது. குற்றம் சாட்டப்பட்டவன் பெயர், சாதி, எவ்வளவு நிலம், எந்தக் கட்சி, எவன் ஜாமீன் எடுத்தான், எந்த அதிகாரி எத்தனை நாள் கழித்து முதல் தகவல் அறிக்கை போட்டான், வன்கொடுமைத் தடுப்புச் சட்டப் பிரிவைச் சேர்த்தானா இல்லையா, எல்லாம் அச்சில் வர வேண்டும். தீர்ப்பு வரும்வரை 'குற்றம் சாட்டப்பட்டவர்' என்றே எழுதுவோம். நம் ஆட்களைப் பொய்வழக்கில் போடும்போது நாம் கேட்கிற நியாயத்தை நாமே மீறக்கூடாது. தீர்ப்பு வந்த பிறகும் விடக்கூடாது. எவன் எப்போது எந்தத் தலைவரின் பிறந்தநாளுக்கு வெளியே வருகிறான் என்று பட்டியல் வைத்திருக்க வேண்டும். அவன் மீசை, அவன் வண்டி, அவன் வீரவசனம் ஒரு வரி வேண்டாம். பேட்டி வேண்டவே வேண்டாம். 'இரு தரப்பையும் கேட்க வேண்டாமா' என்று அந்த இதழியல் தம்பி கேட்பார் என்று தெரியும். அந்தத் தரப்பைக் கேட்க ஊரில் முப்பது சேனல் இருக்கிறது தம்பி.

பிணத்தின் படம் பற்றி நானோ, வயசான தோழரோ, ஆசிரியர் குழுவோ ஓட்டுப் போட்டு முடிவெடுக்க முடியாது. மேமி டில் போடு என்றார், போட்டார்கள். வேண்டாம் என்று சொல்கிற தாய்க்கும் அதே அதிகாரம் உண்டு. இதனால் இதழ் பத்து நாள் தள்ளிப்போகும், அச்சகத்துக்காரர் சத்தம் போடுவார். போடட்டும்.

அட்டைக்கு இடம் விட்டு மற்ற பக்கங்கள் தயாராகிவிட்டன. வருகிற ஞாயிற்றுக்கிழமை அந்தப் பையனின் ஊருக்குப் போகிறோம். வயசான தோழரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். கேமரா எடுத்துப் போகவில்லை.